வீட்டோட ஆளா, வந்து போற ஆளா?

விருதுநகர்ச் சீமையில் எதையும் நிறுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். வத்தல், மல்லி, பருப்பு, பேப்பர், வெடிமருந்து என எல்லாம் ஒரு தராசில் ஏறி இறங்கித்தான் அடுத்த கைக்குப் போகும். அது தொழில் தர்மம்; அதில் நான் குறை சொல்லவில்லை. இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகும் இனம் வேறு. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் தராசைக் கீழே வைக்காத இனம். இவருடைய தராசில் சரக்கு ஒன்றே ஒன்றுதான். தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண் ராத்திரி யார் வீட்டில் படுப்பது, இவர் வீட்டிலா, அவள் வீட்டிலா? இதை மாசக்கணக்கில், சில வீடுகளில் பிள்ளை வளர்ந்து மீசை முளைக்கும் வரைக்கும், நிறுத்துக்கொண்டே இருப்பார். முள் நிற்கவே நிற்காது. நிற்கும்போல் இருந்தால் தானே ஒரு தட்டு தட்டிவிடுவார்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண வீட்டுப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார். ரசம் வருவதற்குள் கேட்டுவிடுவார்.

“ஒங்க வீட்ல பிள்ளைய யாரு பாக்குறா? வீட்டோட ஆளா, வந்து போற ஆளா?”

வீட்டோட ஆள் என்று சொன்னீர்களோ, “ஐயையோ, நம்ம பேசுறது பூரா அவ காதுல விழுமே!” என்பார். வந்து போற ஆள் என்று சொன்னீர்களோ, “ஒரு நாளைக்கு பஸ்ஸு வரலன்னா என்ன செய்வீக?” என்பார். எங்கள் வீட்டில் பிள்ளையே இல்லை என்று சொல்லிப் பாருங்கள். உங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எதிர் வரிசை இலைக்குத் தாவிவிடுவார்.

அப்படி என்னதான் வேண்டுமாம் இவருக்கு? நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. வீடு வீடாகப் போய், ‘இருங்க, இந்தா வந்துருவாக’ என்று உட்காரவைக்கப்பட்டு, உள்ளே நடப்பதை எல்லாம் வேண்டாமலேயே கேட்பது என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அவள் விடியுமுன் வந்துவிட வேண்டும். ஆனால் கேட்டைத் தட்டி யாரையும் எழுப்பக் கூடாது. பிள்ளை அழுதால் பக்கத்தில் இருக்க வேண்டும். விருந்தாளி வந்தால் கண்ணில் படக் கூடாது. பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்க வேண்டும். பிள்ளை அவள்மேல் அதைத் திருப்பி வைத்துவிடக் கூடாது. பெற்று வளர்த்த அனுபவம் அவசியம் வேண்டும். அவள் பெற்ற பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்ற பேச்சு மட்டும் வரக் கூடாது. இப்படி ஒரு பெண் எந்த ஊரிலும் இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் தராசுக்கு ஓய்வில்லை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆளைக் காட்டிவிடுகிறேன். சிவகாசியில் நான் குடியிருக்கும் மாடிக்கும், அதன் கீழ்வீட்டுக்கும், அதற்கு எதிரே உள்ள காலண்டர் கம்பெனிக்கும் சொந்தக்காரர் சங்கரபாண்டியன். நல்ல மனிதர். வாடகை விஷயத்தில் முகம் சுளிக்க மாட்டார், தண்ணீர் மோட்டாரை என்னைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்துவார். அவர் மனைவி பத்திரகாளி கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற கெட்டிக்காரி. பம்பாய் ஏஜெண்டிடம் இந்தியில் சண்டை போட்டு, தமிழில் ஜெயிப்பார். இவர்களுக்கு தருண்குமார் என்று இரண்டு வயதில் ஒரு பையன். காலையில் இரண்டு பேரும் அவனுக்கு முத்தம் கொடுத்துவிட்டு எதிர் வாசலுக்குப் போவார்கள். காலண்டர் சீசன் என்றால் அவன் தூங்கிய பிறகுதான் திரும்புவார்கள். நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது. அது எவ்வளவு அகலம் என்று தருண்குமாரைக் கேட்டால்தான் தெரியும்.

வள்ளித்தாய்க்கு முன்னால் அந்த வீட்டில் வேலைக்கு நின்றவர்களை எண்ணிச் சொல்ல எனக்கு ஞாபகசக்தி போதாது. ஒருத்தி வந்து போகிறவள். தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனி வேன் அவள் தெருமுனைக்கே வந்து கூப்பிட்டது, ஏறிப் போய்விட்டாள். இன்னொருத்தி வீட்டோடு இருந்தவள். டி.வி. சீரியலில் அடுத்து என்ன நடக்கும் என்று பத்திரகாளியை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள் என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்தவள்தான் வள்ளித்தாய். ஆனைக்குட்டத்துக்காரி. தீப்பெட்டிக் கம்பெனியில் இருந்தவள். புருஷன் முனியராஜ் பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலை செய்கிறவர். எழில் என்று மூன்று வயதுப் பெண் குழந்தை.

முதலில் அவளும் காலை பஸ்ஸில் வந்து சாயந்தர பஸ்ஸில் போகிறவளாகத்தான் இருந்தாள். ஒரு மழை நாளில் பஸ் வரவில்லை. அன்று பத்திரகாளி ஆபீஸுக்குப் போகவில்லை, பாலைப் பொங்கவிட்டார், பையன் அழுதான், சங்கரபாண்டியன் அவனைத் தூக்கிக்கொண்டு கம்பெனியில் பேப்பர் வெட்டுகிற மிஷினைக் காட்டப் போய், அந்தச் சத்தத்தில் அவன் இன்னும் அழுதான். அன்று சாயந்தரமே தராசு இறங்கியது. வீட்டோட ஆள்தான் சரி. எழிலை மாமியாரிடம் விட்டுவிட்டு வள்ளித்தாய் இங்கேயே தங்க வேண்டியது. சனிக்கிழமை சாயந்தரம் ஊருக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயத் திரும்பிவிட வேண்டியது.

“தனி ரூமு குடுத்திருக்கோம் அண்ணாச்சி. யாரு குடுப்பா?” என்று சங்கரபாண்டியன் மாடிப்படியில் நின்று என்னிடம் பெருமைப்பட்டார்.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். விற்காமல் திரும்பி வந்த போன வருஷத்துக் காலண்டர் கட்டுகளை அடுக்கும் இடம். ஒரு பக்கம் முருகன் கட்டு, ஒரு பக்கம் மகாலட்சுமி கட்டு, கதவோரம் இயேசுவும் மெக்காவும். நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். “சாமிக எல்லாம் தொணைக்கு இருக்கே, பயம் என்ன?” என்றார் பத்திரகாளி. எல்லாச் சாமியும் போன வருஷத் தேதியோடு இருந்தன என்பதைத் தவிர, அறையில் வேறு குறை இல்லை. ஜன்னல் இல்லை என்பதைக் குறையாகச் சொன்னால் எனக்கு வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த இனத்துக்கு ஒரு மந்திரச் சொல் உண்டு. “நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி.” இதைச் சொல்லாத தராசுக்காரரை நான் பார்த்ததே இல்லை. சம்பளம் உயர்த்திக் கேட்டால் சொல்வார், லீவு கேட்டால் சொல்வார், உறவுக்காரர்கள் முன்னால் கேட்காமலே சொல்வார். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. தட்டு மட்டும் தனி.

அந்தப் பொண்ணை அவர்கள் எப்படிக் கொண்டாடினார்கள் என்பதற்கு அந்த வருஷக் காலண்டரே சாட்சி. எங்கள் ஊரில் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. சொந்தப் பிள்ளையைக் காலண்டரில் போட்டு உறவுக்கும் வியாபாரத்துக்கும் கொடுப்பார்கள். தருண்குமாரையும் பட்டு வேட்டி கட்டி போட்டோவுக்கு உட்காரவைத்தார்கள். பத்திரகாளி பிடித்தால் அழுகிறான், சங்கரபாண்டியன் பிடித்தால் ஓடுகிறான். கடைசியில் வள்ளித்தாய் பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். உடனே வாய் கொள்ளாத ஒரு சிரிப்பு. போட்டோ பிரமாதம். வள்ளித்தாய்தான் பிரச்சினை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்த ஆர்ட்டிஸ்ட் அவள் தலையை எடுத்துவிட்டு ஒரு தாமரைக் குளத்தை வைத்தார். புடவையை எடுத்துவிட்டு மயிலை வைத்தார். கையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் பையனின் வயிற்றில் பாதி போய்விடுகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே, தாமரைக் குளத்துக்கு முன்னால், மயிலுக்குப் பக்கத்தில், ஆளில்லாத ஒரு கை, பச்சை ரப்பர் வளையலோடு, குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலண்டர் ஊரெல்லாம் போனது. யாராவது கேட்டால் “அது அவன் அம்மா கைதான்” என்று சொல்லச் சொல்லி ஆபீஸுக்கு உத்தரவு.

தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், ஊரிலிருந்து திரும்பிய வள்ளித்தாய் பையைக்கூட இறக்காமல் குழாயடியில் நின்றிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எழிலு என்னயப் பாத்து ‘வாங்க’ங்கா.”

எனக்குப் புரியவில்லை. நல்ல மரியாதைதானே என்றேன்.

“நான் சனிக்கெழம போய் எறங்குனா எங்க மாமியா ‘யாரு வந்திருக்காகன்னு பாரு, வாங்கன்னு சொல்லு’ன்னு சொல்லிக் குடுத்திருக்காக. நேத்து நான் நொழையுறேன், இவ கையக் கட்டிக்கிட்டு வந்து ‘வாங்க, சாப்பிட்டீகளா’ன்னு கேக்கா. செம்புல தண்ணி கொண்டாந்து குடுக்கா. குடிச்சிட்டு செம்பக் குடுத்ததும் அவ பாட்டுக்கு வெளையாடப் போயிட்டா.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “நான் அந்த வீட்டுக்கு விருந்தாளியாப் போனேன் அண்ணாச்சி.”

பாலிசி எடுக்கச் சொல்லிப் பேசத்தான் எனக்குத் தெரியும். இதற்கெல்லாம் பாலிசி கிடையாது.

மறுநாளே அவள் கேட்டுவிட்டாள். பழையபடி காலையில் வந்து சாயந்தரம் போய்விடுகிறேன், முதல் பஸ்ஸுக்கே ஏறிவிடுகிறேன் என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் சங்கரபாண்டியன் கோபப்பட்டிருப்பார், கெஞ்சியிருந்தால் இரக்கப்பட்டிருப்பார். அவள் சாதாரணமாகக் கேட்டாள். சாதாரணமாகக் கேட்கும் எதையும் தராசில் வைத்துவிடுவது அவர் வழக்கம்.

“யோசிச்சுச் சொல்றேன் வள்ளி.”

யோசித்தார். ஆடிட்டரிடம் கேட்டார். முடி வெட்டுகிறவரிடம் கேட்டார். சூலக்கரைக்கு கலெக்டர் ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டு, அவர் வீட்டோட ஆளுக்கு ஓட்டுப் போட்டார் என்று சந்தோஷமாக வந்து சொன்னார். பத்திரகாளியின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “ஏங்க, ராத்திரி அவன் அழுதா யாரு எந்திரிக்கிறது?” அந்தக் கேள்விக்கு மட்டும் சங்கரபாண்டியன் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ‘இந்த லோடு போகட்டும்’ என்றார். லோடு போனது. ‘பரீட்சை முடியட்டும்’ என்றார். அந்த வீட்டில் பரீட்சை எழுதும் வயதில் யாரும் இல்லை.

இதற்குள் பங்குனி வந்துவிட்டது.

பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் எங்கள் பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொங்கல் முடியும் வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம்; பொழுது சாய்ந்தால் ஊருக்குள் இருக்க வேண்டும். மீறினால் சாமி குற்றம். பம்பாய்க்கு ரயில் டிக்கெட் போட்டிருந்த முதலாளிகள்கூட ரத்து செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சங்கரபாண்டியன் இதில் மிகவும் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பில்தான் அவருக்கு அப்படி ஒரு யோசனை பிறந்தது. வேறு ஊரில் பிறந்த முதலாளிக்கு இது தோன்றவே தோன்றாது.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில், நானும் இருக்கும்போதே, வள்ளித்தாயைக் கூப்பிட்டார்.

“வள்ளி, நாளைக்குக் கொடி ஏறுது. இனிமே பொங்கல் முடியிற வரைக்கும் நீயும் வெளிய ராத்தங்கக் கூடாது. சனிக்கெழம ஊருக்குப் போறது, அதெல்லாம் பெறகு.”

“நான் ஆனைக்குட்டம்ல, மொதலாளி?”

“அது வாக்கப்பட்ட ஊரு. கொடி ஏறும்போது யாரு யாரு இங்கன படுத்து எந்திரிக்கிறாகளோ, அவுக எல்லாரும் இந்த ஊராளுகதான். நீ நம்ம வீட்டுப் பொண்ணு.”

“மாதிரியா, நெசமாவா?”

கிண்டலாகக் கேட்டாளா, வெள்ளையாகக் கேட்டாளா? இன்று வரை எனக்குத் தெரியாது. சங்கரபாண்டியன் உற்சாகத்தில் இருந்தார். அம்மனே வந்து தராசின் ஒரு தட்டில் உட்கார்ந்துவிட்ட உற்சாகம்.

“நெசமாத்தான். அம்மன் சத்தியமா நீ இந்த வீட்டுப் பொண்ணுதான். போதுமா?”

“போதும் மொதலாளி. அப்ப இன்னிக்கு மட்டும் ஒரு எட்டு ஊருக்குப் போயி, பொழுதுக்குள்ள வந்துர்றேன்.”

சொன்னபடியே பொழுதுக்குள் வந்தாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் எழில்.

பத்திரகாளிதான் கேட்டைத் திறந்தார். “இவள எதுக்குக் கூட்டியாந்த?”

“நான்தான் பொங்கல் முடியுற வரைக்கும் வெளிய ராத்தங்கக் கூடாதுல்லக்கா. பிள்ளைய அம்புட்டு நாளு பாக்காம எப்பிடி இருக்க? நான் இந்த வீட்டுப் பொண்ணுன்னா, எம் பொண்ணு இந்த வீட்டுப் பேத்திதான?”

பத்திரகாளி கணவரைப் பார்த்தார். கணவர் காலண்டரைப் பார்த்தார். மறுநாள் காலையில் கோயிலில் கொடி ஏறியது. ஏறிய கையோடு வீட்டுக்கு வந்த சங்கரபாண்டியன், “நாளைக்கு இவளக் கொண்டுபோய் விட்டுரு வள்ளி” என்றார்.

“கொடி ஏறிருச்சே மொதலாளி. ஏறும்போது இவ இங்கனதான படுத்து எந்திரிச்சா.”

வாயைத் திறந்தார். கோயில் இருக்கும் திசையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்க நான் சில வசூல்களைக்கூடத் தள்ளிப்போட்டேன். எழில் முதல் நாள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றாள். மறுநாள் அவளுக்கு வீடு பழகிவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஒரே உபசாரம் ஒன்றுதானே? வாசலில் போய் நின்றுகொண்டாள். கூரியர்காரர் வந்தார். “வாங்க. சாப்பிட்டீகளா?” தண்ணீர் லாரிக்காரர் வந்தார். “வாங்க. சாப்பிட்டீகளா?” வரி பாக்கி கேட்க வந்த நகராட்சி ஊழியரையும் கேட்டாள்; பாவம், அவரை அந்த உத்தியோகத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது, “ஆச்சு தாயி” என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே போய்விட்டார். அவளுக்குப் பின்னால் ஜட்டியோடு தருண்குமார் வால் பிடித்துக்கொண்டு அலைந்தான். அவள் கையைக் கட்டினால் இவனும் கட்டினான். அவள் வாங்க என்றால் இவன் ‘ஆங்க’ என்றான்.

பொங்கலுக்கு மதுரையிலிருந்து சங்கரபாண்டியனின் அக்கா குருவம்மாள் வந்து இறங்கினார். தம்பி முழிப்பதைப் பார்ப்பதில் அக்காமார்களுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. இவர் அந்தச் சுகத்துக்காகவே வருஷா வருஷம் வருகிறவர். வாசலிலேயே எழில் வழிமறித்தாள்.

“வாங்க. சாப்பிட்டீகளா?”

“அடியாத்தி, இது யாரு பிள்ள? நம்ம வீட்ல இப்பிடி மரியாத தெரிஞ்ச பிள்ள ஏது?”

“வள்ளி பிள்ளக்கா” என்றார் சங்கரபாண்டியன், குரலை ஒரு சுற்று இறக்கி.

குருவம்மாள் உள்ளே வந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். சுவரில் எதிரே காலண்டர் தொங்கியது. “ஏலே சங்கரா, மருமகன் படம் நல்லா இருக்கு. இந்தக் கை யாரு கை? ஆளக் காணோம்?”

“அவன் அம்மா கைதான்க்கா” என்றார் சங்கரபாண்டியன், ஆபீஸுக்குச் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல்.

“இல்ல” என்றது ஒரு சின்னக் குரல். எழில் காலண்டருக்குக் கீழே போய் நின்று, எட்டாத கையை எட்டித் தொடப் பார்த்தாள். “அது எங்கம்மா கை. அந்த வளவி நான் எடுத்துக் குடுத்தது, எங்கூரு பொங்கல்ல. எங்கம்மாதான் அது.”

வள்ளித்தாய் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். வாரம் ஒரு முறை வருகிற விருந்தாளியின் கையை, ஆளே இல்லாத படத்திலும், இந்தப் பிள்ளைக்கு அடையாளம் தெரிகிறது என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குருவம்மாள் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். “பொண்ணு மாதிரி, பொண்ணு மாதிரின்னு போன்ல சொன்னியே, அவ தலையில குளத்த வெட்டிட்டியேலே!”

அதோடு விட்டாரா? பொங்கல் வைத்து முடிந்த மறுநாள் கறிச்சாப்பாடு. உறவெல்லாம் கூடிவிட்டது. மத்தியானம் முனியராஜ் வந்தார், பொஞ்சாதி பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போக. கையில் ஒரு குலை நுங்கு. பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலை செய்கிறவர்களின் உடம்பில் அலுமினியப் பொடி மினுங்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மினுமினுப்போடு கேட்டுக்கு வெளியே நின்று, நுங்கை மட்டும் உள்ளே நீட்டினார்.

குருவம்மாள் பார்த்துவிட்டார். “ஏலே சங்கரா! நம்ம வீட்டுப் பொண்ணுன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்க. மாப்பிள்ள கேட்ல நிக்காரு. வாங்கன்னு கூப்பிடு!”

சங்கரபாண்டியன் என்னைப் பார்த்தார். நான் நுங்கைப் பார்த்தேன். மச்சான்மார், சகலைமார், ஆடிட்டர் என எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அம்மனும் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அவர் வாயிலிருந்து வார்த்தை வருவதற்குள் எழில் ஓடிப் போய்க் கேட்டை இழுத்துவிட்டாள். தருண்குமாரும் ஓடினான்.

“வாங்க… மாப்ள” என்றார் சங்கரபாண்டியன். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

முனியராஜ் சோபா நுனியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கென்று முதல் பந்தியில் இலை போட்டார்கள். தனித் தட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார். அவரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த வீட்டில் அன்று சாப்பாடு இறங்காத ஆள் இரண்டு பேர். ஒருவர் முதலாளி, இன்னொருவர் மாப்பிள்ளை. அவர் எழுந்து போன பிறகு சோபாவில் வெள்ளியாய் ஒரு தடம் மினுங்கியது. பத்திரகாளி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே கணவரைப் பார்த்த பார்வையில், தராசு முள் கடைசிப் பக்கத்துக்கே போய் இடித்து நின்றது.

பொங்கல் முடிந்து கொடி இறங்கியது. அன்று சாயந்தரமே சங்கரபாண்டியன் மாடிப்படி ஏறி வந்தார்.

“அண்ணாச்சி, நல்லா யோசிச்சுப் பாத்தேன். வந்து போற ஆளுதான் தோது.”

“அப்படியா?”

“பெத்த பிள்ளைகிட்ட இருந்து தாயப் பிரிக்கலாமா? நம்ம மனுசன்தான? நானே கூப்பிட்டுச் சொல்லிட்டேன், நாளையில இருந்து சாயந்தர பஸ்ஸுக்குப் போயிருன்னு.”

இந்த இனத்தின் கடைசி அடையாளம் இதுதான். முள் யார் இடித்து நின்றாலும், தானே நிறுத்தியதாகத்தான் சொல்வார். அதற்குப் பிறகு வந்த கல்யாணப் பந்திகளில் எல்லாம், ரசம் வருவதற்குள், வீட்டோட ஆள் வைத்திருப்பவர்களைப் பார்த்து, “ஒங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு கெடையாதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வள்ளித்தாய் வீட்டுக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். காலையில் குழாயடியில் பார்த்தேன். முகம் பூராவும் சிரிப்பு.

“நேத்து பஸ்ஸு லேட்டு அண்ணாச்சி. நான் போய் எறங்குறதுக்குள்ள இருட்டிப்போச்சு. எழிலு வாசல்ல நிக்கா. இடுப்புல கைய வச்சிக்கிட்டு, ‘எங்க போன இம்புட்டு நேரம்?’ங்கா. பையப் பிடிங்கி எறியுறா. அடிக்கா. திட்டுறா அண்ணாச்சி! என்னையத் திட்டுறா!”

பரிசு வாங்கியவள் மாதிரி சொன்னாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதை சுபமாக முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். தருண்குமார் பாக்கி இருக்கிறான்.

அதே வாரம் ஒரு சாயந்தரம், கீழே சங்கரபாண்டியன் என் பேரைச் சொல்லிக் கூவினார். என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடினேன். கேட்டுக்கு அருகே அவரும் பத்திரகாளியும் கம்பெனியிலிருந்து வந்து நிற்கிறார்கள். எதிரே தருண்குமார், கையைக் கட்டிக்கொண்டு.

“அண்ணாச்சி, இங்க பாருங்க! தம்பி, இன்னொரு தடவ சொல்லு. அப்பா வந்திருக்கேன்ல, சொல்லு!”

தருண்குமார் அப்பாவை அண்ணாந்து பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். “வாங்க” என்றான். “சாப்பித்தீகளா?”

“பாத்தீகளா! எம்புட்டு மரியாத! ரெண்டு வயசுல எவன் பிள்ளை இப்பிடிச் சொல்லும்?” சங்கரபாண்டியனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. புதுச் செல்போனை எடுத்து, மறுபடி மறுபடி சொல்லவைத்து, குரலைப் பதிந்துகொண்டார். பத்திரகாளி மட்டும் சிரிக்கவில்லை. பையனைத் தூக்கக் கையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றார். அவன் தன் கடமையை முடித்துக்கொண்டு திரும்பி, உள்ளே ஓடிவிட்டான்.

உள்ளே வள்ளித்தாய் கிளம்பிக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே. அவள் பையைத் தோளில் மாட்டியதுதான் தாமதம், புடவையைப் பிடித்துக்கொண்டு கத்தினானே ஒரு கத்தல், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். “போகாத! நீ போகாத! போகாத!” காலால் உதைத்தான். கடித்தான். அவளிடம் ஒரு சொட்டு மரியாதை இல்லை.

அந்த வீட்டில் வீட்டோடு இருக்கிறவர் யார், வந்து போகிறவர் யார் என்று அந்தப் பொடியன் எந்த ஆடிட்டரையும் கேட்காமல் நிறுத்து முடித்துவிட்டான். சங்கரபாண்டியன் செல்போனைக் காதில் வைத்து, “வாங்க, சாப்பித்தீகளா”வைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அழுகிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார்.

இவ்வளவு நேரம் நீங்கள் சிரித்தது, இது சிவகாசிக்காரர் கதை, நமக்கென்ன என்கிற தைரியத்தில்தான். உங்கள் வீட்டில் ஆயா இல்லை, மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், அல்லது பக்கத்து வீட்டுக்காரர், அல்லது டி.வி. எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். கதவு திறந்ததும் உங்கள் பிள்ளை இடுப்பில் கைவைத்து, “எங்க போன இம்புட்டு நேரம்?” என்று கத்தினால், கையைப் பிடித்துக் கடித்தால், பையைப் பிடுங்கி எறிந்தால், பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கையைக் கட்டிக்கொண்டு, “வாங்க, சாப்பிட்டீர்களா?” என்று மரியாதையாகக் கேட்டால் மட்டும், பெருமைப்பட்டு உறவுக்காரர்களுக்குப் போன் போடாதீர்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டு, உள்ளே போய் உட்காருங்கள். வந்தவர் எப்போது கிளம்புவார் என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.